பழைய அம்ப் திருத்துறது: நெடுக வாற கேள்விகளும் என்ட பதிலும்

மட்டக்களப்புக்குப் பக்கத்துல ஆரையம்பதியில வீட்டு விறாந்தையில வச்சுத்தான் பழைய பாட்டுச் செட், அதாவது அம்ப்ளிபயர், திருத்துறன். ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எங்கயிருந்து கோல் வந்தாலும் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான், ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்றத விட ஒரு இடத்துல எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும் எண்டு நினைச்சன். கேட்ட ஆக்கள் கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டிருக்கன்.

அண்ண, எங்கட மாமாட சன்சுயி (ஜப்பான் கொம்பனி ஒண்டு) செட் பத்துப் பன்ரெண்டு வருஷமா அலுமாரிக்கு மேல சும்மா கிடக்கு, அப்பிடியே பிளக்கில குத்திப் பாக்கலாமா?

வேணாம். இந்த ஒரு அவசரத்தாலதான் கனக்க நல்ல செட் செத்திருக்கு. கறண்ட் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குள்ள (பழைய மெக்கானிக்மார் கண்டன்சர் எண்டு சொல்றது இதத்தான்) இருக்கிற ஒக்சைட் படை மெலிஞ்சு போகும். திடீரெண்டு முழு வோல்டேஜும் ஏறினா உள்ளுக்கால கறண்ட் கசிஞ்சு சூடாகி ஊதிப் போகும், சிலது வெடிக்கும்.

முதல்ல மூடியக் கழட்டி டோர்ச் அடிச்சு வடிவாப் பாருங்க. போன மாரியில களுதாவளையில இருந்து வந்த ஒரு செட்டுக்குள்ள செத்த பல்லி ஒண்டு பவர் டிரான்சிஸ்டர்ட ரெண்டு காலுக்கும் குறுக்கால காஞ்சு ஒட்டிக் கிடந்தது, வால் பட்ட இடத்துல போர்ட் பச்சை பூத்திருந்தது. கொண்டு வந்தவர் குத்திப் பாக்காம கொண்டு வந்ததால பிழைச்சது, பழைய டூத் பிரஷும் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் அல்ககோலும்தான் செலவு. கரப்பத்தான் எச்சம், எறும்புக் கூடு, ஊதின கப்பாசிட்டர், கறுத்த ரெசிஸ்டர், பியூஸுக்குப் பதிலா ஆரும் சுத்தி வச்ச வெள்ளிப் பேப்பர், இதெல்லாம் இருக்கா எண்டு பாத்துப் போட்டுத்தான் கறண்ட் குடுக்கிற கதை.

சரி, பாத்தாச்சு. அப்ப எப்பிடிக் கறண்ட் குடுக்கிற? சீரிஸ் பல்ப் எண்டு ஒண்டு சொல்றாங்களே அது என்ன?

செட்டுக்குப் போற லைன் வயர வெட்டி அதுக்கு இடையில ஒரு குண்டு பல்ப போடுறது, அவ்வளவுதான். ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு பிளக், ஒரு சொக்கட், ஒரு பலகைத் துண்டு போதும். உள்ள ஷோர்ட் ஒண்டு இருந்தா பல்ப் முழுசா எரிஞ்சு கறண்ட மட்டுப்படுத்தும், செட் எரியாது. நல்ல செட் எண்டா போட்ட உடன பல்ப் ஒருக்கா மின்னும் (பெரிய கப்பாசிட்டர் நிரம்புற நேரம்), புறகு மங்கி லேசான சிவப்புக்கு வரும். மங்காம நிண்டா உடனே நிப்பாட்டுங்க.

எல்ஈடி பல்ப், சிஎஃப்எல் எதுவும் சரி வராது, கம்பி எரியிற பல்ப்தான் வேணும், 60 வோட்ஸ் இல்லாட்டி 100 வோட்ஸ். முதல் தரம் போடக்குள்ள ஸ்பீக்கர் பூட்ட வேணாம். கறண்ட் வேலையில கை பழகாத ஆக்கள் பழகின ஒருத்தர பக்கத்துல வச்சுக்கொண்டு செய்ங்க, இது 230 வோல்ட், விளையாட்டு இல்ல.

காக்கா, கல்முனையில ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப் ஒண்டு எடுத்தன், தட்டைப் பிளக்தான் இருக்கு. அடப்டர் போட்டுக் குத்தினாச் சரிதானே?

குத்திப் போடாதீங்க. அடப்டர் பிளக்கிட வடிவத்த மட்டும்தான் மாத்தும், வோல்டேஜ மாத்தாது. ஜப்பான் வீட்டுக் கறண்ட் 100 வோல்ட், எங்கட 230. பின்பக்கத்துல 100வி எண்டு இருந்தா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம். அதுலயும் கடையில கனக்க வாறது 110 வோல்ட் ஸ்டெப் டவுன், அத 100 வோல்ட் செட்டுக்குக் குடுத்தா உள்ள இருக்கிற எல்லா வோல்டேஜும் பத்து வீதம் கூடும், 40 வருஷக் கப்பாசிட்டருக்கு அந்தப் பத்து வீதமே பாரம். 100 எண்டு கேட்டு வாங்குங்க. செட்டுக்குப் பின்னால 200 வோட்ஸ் இழுக்கும் எண்டு போட்டிருந்தா 300, 400 விஏ (ட்ரான்ஸ்போமர் தாங்கிற பாரத்திட அளவு) எடுங்க. சீரிஸ் பல்ப் போட்டுப் பாக்கிறதெண்டா ஸ்டெப் டவுனுக்கு முன்னால போடுங்க.

அந்தக் காலத்துல சவுதி, கட்டார், குவைத்துக்குப் போன ஆக்கள் கொண்டு வந்த செட் வேற. அதுகள்ல கனக்கதுக்குப் பின்னால வோல்டேஜ் மாத்துற சுவிச் இருக்கும், 110, 127, 220, 240 எண்டு. அதுக்கு ஸ்டெப் டவுன் தேவையில்ல, ஆனா சுவிச் எதுல நிக்குது எண்டு பாக்காம குத்தாதீங்க. சின்னப் புள்ளயள் திருப்பி விளையாடி 110ல விட்ட செட் ரெண்டு என்னட்ட வந்திருக்கு, ரெண்டும் புகைஞ்சு போய்த்தான் வந்தது.

அதே ஜப்பான் செட்டுலதான், அம்ப் நல்லாப் பாடுது ஆனா ரேடியோவுல ஒரு ஸ்டேசனும் இழுக்குதில்ல, டியூனர் பழுதா?

பழுதில்ல. ஜப்பான்ட பழைய எஃப்எம் பேண்ட் 76ல இருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், எங்கட ஸ்டேசன் எல்லாம் 88க்கும் 108க்கும் இடையில. ஒரு சின்னத் துண்டுதான் பொருந்தும். ஜப்பான் வேனுக்குப் போடுற பேண்ட் எக்ஸ்பாண்டர் இருக்குதே, அதே சாமான 12 வோல்ட் குடுத்து அன்டனா வயருக்கு இடையில போட்டா வேலை செய்யும். உள்ள கொயில நெளிச்சு டியூன் பண்ணலாம் எண்டு சொல்ற ஆக்களும் இருக்காங்க, மீட்டர் இல்லாம கையால நெளிச்சா உள்ளதும் போகும்.

பிளக்கக் கழட்டிப் போட்டுத்தானே திறக்கிறன், புறகும் கறண்ட் அடிக்குமா?

அடிக்கும். ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்துல தகர டின் மாதிரி நிக்கிற ரெண்டு பெரிய கப்பாசிட்டரும் கறண்ட சேத்து வச்சிருக்கும். 10,000 மைக்ரோ ஃபராட், 50 வோல்ட் எண்டா ஒண்டுக்குள்ள மட்டும் 12.5 ஜூல். உயிர் போகாட்டியும் கைய உதறக்குள்ள வேற எதையாவது இடிச்சு உடைப்பீங்க.

ஸ்குரூ டிரைவரால ஷோர்ட் பண்ணி வெறுமையாக்கிற பழக்கத்த விடுங்க, பொறி பறந்து கப்பாசிட்டர் கால் உருகும், போர்ட்ல ட்ராக் (செம்புக் கோடு) கிழியும். 470 ஓம்ஸ், 5 வோட்ஸ் ரெசிஸ்டர் ஒண்டுக்கு ரெண்டு வயர் வச்சு ஈயத்தால பத்த வச்சு, ஒவ்வொரு கப்பாசிட்டருக்கும் அரை நிமிஷம் பிடிங்க, மீட்டரால அளந்து பாத்துட்டுக் கைய வைங்க. பிளஸ், மைனஸ் எண்டு ரெண்டு பக்கமும் இருக்கு, ஒண்டோட நிப்பாட்டாதீங்க.

வொலியூமத் திருப்பக்குள்ள கரகர எண்டு சத்தம், ஒயில் அடிச்சாச் சரியாகுமா?

துரு விடுற ஸ்பிரே அடிக்க வேணாம், முதல் நாள் சுகமாகும், புறகு தூசியப் பிடிச்சு வைக்கும், சிலதுல காபன் தடத்தையும் பழுதாக்கும். எலக்ட்ரோனிக் சாமானுக்கு எண்டு இருக்கிற கொன்டாக்ட் கிளீனர வொலியூமிட சின்ன ஓட்டைக்கால ஒரு சொட்டு மாதிரி அடிச்சு முப்பது நாப்பது தரம் முழுசாத் திருப்புங்க. டோன், பலன்ஸ், செலக்டர் சுவிச் எல்லாத்துக்கும் இதேதான். துப்புரவாக்கி ரெண்டு மூண்டு நாளுல மறுகா கரகர எண்டா ஊத்தை காரணம் இல்ல, முன்னுக்கு இருக்கிற சின்னக் கப்பாசிட்டர் ஒண்டு கசிஞ்சு வொலியூமுக்கு டிசி (ஒரே பக்கமாப் போற கறண்ட்) போகுது.

ஒரு பக்க ஸ்பீக்கர் கேக்குதில்ல, சத்தத்தக் கூட்டினா டப் எண்டு வருது, குறைச்சா மறுகா போகுது. போர்ட் போச்சா?

பெரும்பாலும் ரிலே. செட் போட்டு நாலு அஞ்சு செக்கன்ல டிக் எண்டு ஒரு சத்தம் கேக்குமே அதுதான் ரிலே, ஸ்பீக்கருக்குப் போற வழிய அது திறந்து விடுது. உள்ள இருக்கிற வெள்ளி முனை கறுத்தா சின்னச் சிக்னல் கடக்காது, பெரிய சிக்னல் அந்தப் படையக் குத்திக்கொண்டு போகும், அதாலதான் கூட்டினா வருது. கழட்ட முதல் ஸ்பீக்கர் வயர இடம் வலம் மாத்திப் பாருங்க, மாத்தினாப் புறகும் அதே ஸ்பீக்கர்தான் கேக்கல்ல எண்டா செட் நல்லம், ஸ்பீக்கரோ வயரோதான் பிழை, மற்ற ஸ்பீக்கருக்கு மாறினா பிழை செட்டுக்குள்ள.

வெள்ளைக் கடதாசித் துண்ட ஐசோபுரோப்பைல்ல நனைச்சு முனைக்கு இடையில வச்சு லேசா இழுங்க, கறுப்பு கடதாசியில வரும். மண் பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, வெள்ளிப் பூச்சு மெல்லிசு. புது ரிலே விலையும் பெரிசா இல்ல, கொயில் வோல்டேஜ் (பெரும்பாலும் 24 வோல்ட்) பாத்து அதே கால் அமைப்புல எடுங்க.

எனக்கு அந்த டிக் சத்தமே வருதில்ல, லைட் மட்டும் எரியுது. ரிலேயக் கழிச்சு நேராக் குடுத்தாப் பாடுமா எண்டு ஒராள் சொன்னார்?

அப்பிடிச் செய்யவே வேணாம். ரிலே விழாம நிக்கிறது ஸ்பீக்கரக் காப்பாத்தத்தான். பவர் டிரான்சிஸ்டர் ஒண்டு ஷோர்ட்டாகி 40 வோல்ட் டிசி வெளிய வந்து நிக்குது எண்டு வைங்க, 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது 200 வோட்ஸ், அதுவும் நிப்பாட்டாம. வூஃபர் கொயில் எரியிற மணம் வாறதுக்குள்ள கை சுவிச்சுக்குப் போகாது. ஒரு பட்டறையில ரிலேக்குக் குறுக்கால வயர் போட்டுக் குடுத்த செட் ஒண்டு என்னட்ட வந்தது. அம்ப்புக்கு வந்த பழுது சின்னது, ஆனா அந்த மனுசன் முப்பது வருஷமாப் பாத்துக்கொண்டு வந்த ரெண்டு ஸ்பீக்கரும் போயிருந்தது. பாக்க ஏலாமப் போச்சு எனக்கு.

செய்ய வேண்டியது இதுதான்: சீரிஸ் பல்பில போட்டு, ரிலேக்கு முன்பக்கம் ரெண்டு செனலுக்கும் (இடம், வலம்) டிசி எவ்வளவு எண்டு மீட்டரால அளங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள எண்டா நல்லம், 100க்கு மேல எண்டா தேடணும், வோல்ட் கணக்குல நிண்டா அந்தப் பக்கம் டிரான்சிஸ்டர் போயிருக்கு. ரெண்டு பக்கமும் நல்லம் ஆனா ரிலே விழல்ல எண்டா பிழை ஸ்பீக்கரக் காப்பாத்துற ப்ரொடெக்ஷன் சர்க்கிட்டுக்குள்ளதான், அங்க நிக்கிற சின்ன எலக்ட்ரோலிட்டிக் ஒண்டு காஞ்சு போனாலே இப்பிடி நடக்கும்.

கப்பாசிட்டர் எல்லாத்தையும் புதுசா மாத்தினா செட் புதுசு மாதிரிப் பாடும் எண்டு யூடியூப்ல சொல்றாங்க, செய்வமா?

எல்லாத்தையும் ஒரே நாளுல மாத்தாதீங்க. நாப்பது கப்பாசிட்டர் மாத்தினாப் புறகு செட் பாடல்ல எண்டா பழைய பிழையா, நீங்க தலைகீழாப் போட்ட ஒண்டா எண்டு ஆருக்கும் தெரியாது. ஒரு போர்ட் மாத்துங்க, போட்டுப் பாருங்க, அடுத்ததுக்குப் போங்க. மைக்ரோ ஃபராட் அதே அளவு, வோல்டேஜ் அதே அளவோ அதுக்கு மேலயோ, 105 பாகை போட்டதா எடுங்க. சூடு பத்துப் பாகை குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு எண்டுதான் கணக்கு. உடம்புல கோடு போட்ட பக்கம் மைனஸ். கோடே இல்லாத பைபோலர் (பிளஸ், மைனஸ் இல்லாதது) இருந்த இடத்துல பைபோலர்தான் போடணும். பெரிய டின் ரெண்டையும் ஊதாம, இரைச்சல் இல்லாம நிண்டா விட்டிருங்க. செரமிக், மைக்கா மாதிரிச் சின்னதுகளத் தொடவே வேணாம்.

போலியும் கனக்க வருது, வெட்டிப் பாத்தா பெரிய கோதுக்குள்ள சின்னக் கப்பாசிட்டர் இருக்கும். மலிவா ஒரு பை நிறைய வாங்கிறத விட நல்ல இடத்துல பத்து வாங்கிறது நல்லம்.

போர்ட்ல கப்பாசிட்டருக்கு அடியில மண்ணிறமா பசை மாதிரி உருகிக் கிடக்கு, அது என்ன, கசிஞ்சதா?

கசிஞ்சதில்ல, கொம்பனியில கப்பாசிட்டர் ஆடாம நிக்க வச்ச பசை. புதுசுல வெளிறின மஞ்சள். சூட்டுலயும் காலத்துலயும் மண்ணிறமாகி கறண்ட் கடத்தத் தொடங்கும், அதோட உலோகத்தையும் தின்னும். எழுபது எண்பதுகள்ல வந்த சன்சுயியில இத நான் கனக்கக் காணுறன், மத்த கொம்பனியிலயும் இருக்கு. செட் வருது போகுது, சூடேறினாப் பிறகு சத்தம் வருது, ஒரு நாளைக்கு நல்லம் அடுத்த நாள் இல்ல எண்டு அலைக்கழிக்கிற செட்ட முதல்ல இதுக்குத்தான் பாக்கிறது.

சாமான் நல்லாத்தான் தெரியும், மேலால பாத்தா ஒண்டும் இல்ல. ஆனா பசைக்குள்ள புதைஞ்ச ரெசிஸ்டர் காலச் சின்னக் குறட்டால தொட்டாப் போதும், பச்சையா உதிரும், தீக்குச்சி எரிஞ்ச கரி மாதிரி. ஹெயார் டிரையரால கொஞ்சம் சூடாக்கி மூங்கில் குச்சிய உளி மாதிரிச் சீவி பொறுமையாச் சுரண்டணும், இரும்பு பாவிச்சா ட்ராக் கிழியும். பசைக்குள்ள இருந்த டயோட், ரெசிஸ்டர் எல்லாத்தையும் மாத்துங்க, அளந்து நல்லமா வந்தாலும் மாத்துங்க. அதே காலத்துச் செட்டுகள்ல 2எஸ்சி458 எண்டு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வரும், வயசானா அதுவே இரையும், அதையும் கையோட பாத்துக்கொள்ளுங்க.

இரைச்சல் எண்டு சொன்னீங்க, எங்கட செட்டும் நெடுக ம்ம்ம் எண்டுதான் நிக்குது. எங்க தேடுற?

வந்து சேர்ற வயர் எல்லாத்தையும் கழட்டுங்க, வொலியூமப் பூச்சியத்துக்குக் கொண்டு வாங்க. இரைச்சல் நிண்டா பிழை வெளியில, டிவி, டிஷ், கொம்பியூட்டர் இதுகளோட சேரக்குள்ள எர்த் ரெண்டு வழியால போறதாலதான் வருது, ரெக்கோர்ட் பிளேயர் எண்டா அதுட எர்த் வயர் பூட்டியிருக்கா எண்டு பாருங்க. நிக்காம அதே அளவுல ரெண்டு பக்கமும் கேட்டா பவர் சப்ளை. காதும் உதவும்: வெளியால வாறது 50 ஹெர்ட்ஸ், ஆழமா மெதுவா இருக்கும். பெரிய கப்பாசிட்டர் காஞ்சு வாறது 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் முரடா வண்டு சுத்துற மாதிரி.

அண்ண, பவர் டிரான்சிஸ்டர் மூண்டு தரம் மாத்தியாச்சு, போட்ட உடன எரியுது, என்ன செய்ய?

இந்தக் கேள்விக்காகத்தான் இத எழுதவே தொடங்கினன். எரிஞ்ச டிரான்சிஸ்டர் அநேகமாக் காரணம் இல்ல, கடைசியா அடி வாங்கினது அது. அத மட்டும் மாத்தினா காரணம் உள்ளயே இருந்து புதுசையும் எரிக்கும்.

ஒண்டு போனா அதுட சோடியும் சேத்து மாத்துங்க. அதுக்கு முன்னால நிக்கிற டிரைவர் டிரான்சிஸ்டர் ரெண்டையும் கழட்டி அளங்க. எமிட்டர் ரெசிஸ்டர் (0.22, 0.33, 0.47 ஓம்ஸ் எண்டு வெள்ளைக் கல்லு மாதிரி நிக்கிறது) திறந்து போயிருக்கும். டிரான்சிஸ்டர்ட பேஸ் கால் பக்கத்துச் சின்ன ரெசிஸ்டர் கறுக்காமலே செத்திருக்கும். ஹீட்சிங்ல (சூட்ட இழுக்கிற அலுமினியத் தகடு) ஒட்டி நிக்கிற பயஸ் (பாட்டு இல்லாத நேரமும் பவர் டிரான்சிஸ்டருக்கால ஓடுற கொஞ்சக் கறண்ட்) டிரான்சிஸ்டர் இல்லாட்டி டயோட் அதுட இடத்துல இறுக்கமா இருக்கணும், சூட்ட உணர்ந்து கறண்டக் குறைக்கிறதே அதுதான், கழண்டு தொங்கினா செட் தன்னப் போல எரியும். பயஸ் பிரிசெட் (திருப்பி அளவு வைக்கிற சின்ன ரெசிஸ்டர்) ஊத்தையாகி தொடுப்பு விட்டாலும் சில டிசைன்ல கறண்ட் உச்சிக்குப் போகும். மைக்காத் தகடும் புதுப் பேஸ்ட்டும் போட்டு, டிரான்சிஸ்டர் உடம்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில ஷோர்ட் இல்ல எண்டு மீட்டரால உறுதிப்படுத்துங்க.

மிச்சம் இருக்கிறது போலி. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943, 2என்3055 எல்லாத்துக்கும் போலி வருது, மேல எழுத்து வடிவா இருக்கும், உள்ள சிப் அரிசி மணியளவு. ஆகக் குறைஞ்ச விலை எண்டாலே சந்தேகப்படுங்க. எல்லாம் பூட்டினாப் புறகு பயஸக் குறைஞ்ச பக்கம் திருப்பி, ஸ்பீக்கர் இல்லாம, சீரிஸ் பல்பில. மூண்டு தரம் எரிச்ச காசுக்கு முப்பது பல்ப் வாங்கியிருக்கலாம்.

எங்கட வாப்பாட செட்டுக்குள்ள டிரான்சிஸ்டர் இல்ல, ஒரு நீட்டுக் கறுப்புக் கட்டைதான், எஸ்டிகே எண்டு போட்டிருக்கு. அது கிடைக்குமா?

சான்யோ செஞ்ச பவர் ஐசி அது, கனக்கதுல ஒரு கட்டைக்குள்ளயே ரெண்டு செனலும் இருக்கும். புதுசு எண்டு விக்கிறது கனக்க போலி, கொஞ்சச் சத்தத்துக்குப் பாடும், கூட்டினாச் செத்திரும். அதே நம்பர் போட்ட வேற உடைஞ்ச செட்டுல இருந்து கழட்டிப் போடுறதுதான் நான் செய்யிறது. கழட்டினத அப்பிடியே பூட்டாம முந்தின பதிலுல சொன்ன மாதிரி பக்கத்துச் சின்ன ரெசிஸ்டர்கள அளந்து பாருங்க.

கடற்கரையோரம்தான் வீடு, நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஏதோ ஒண்டு பழுதாகுது. உப்புக் காத்துக்கு என்ன செய்யலாம்?

கல்லடி, நாவலடி, மருதமுனை, பொத்துவில் பக்கம் இருந்து வாற செட் மூடியக் கழட்டின உடனேயே தெரியும், ஸ்குரூ தலை துரு, பின்பக்க சொக்கட் பச்சை. பொலித்தீன் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ள நிண்டு வேர்க்கும், பருத்திச் சீலை போதும். கிழமைக்கு ரெண்டு தரமாவது அரை மணித்தியாலம் பாட விடுங்க, அந்தச் சூடே உள்ள காய வைக்கும். மாரியில இது இன்னும் முக்கியம். இடி மின்னல் நேரம் பிளக்கோட சேத்து அன்டனா வயரையும் கழட்டுங்க, பிளக்க மட்டும் கழட்டி டியூனர இழந்த ஆக்கள் இருக்காங்க.

வெள்ளத்துல நனைஞ்ச செட் காய வச்சாச் சரி வருமா?

நல்ல தண்ணி எண்டா வரலாம். கறண்ட் குடுக்காம, உடனே கழட்டி, சேற நல்ல தண்ணியால கழுவி, நிழல்ல காத்தோட்டமா ரெண்டு மூண்டு கிழமை காய வைங்க. ட்ரான்ஸ்போமர்தான் கடைசி வரைக்கும் ஈரம் வச்சிருக்கும். ரிலே, வொலியூம் ரெண்டும் மாத்துறதா நினைச்சுக்கொள்ளுங்க. கடல் தண்ணி வேற கதை. 2004 சுனாமியில மூழ்கின செட் ஒண்ட நாவலடியில இருந்து ஒரு அம்மா கொண்டு வந்தா, அவட மகன்ட செட். போர்ட் முழுக்க உப்புத் தின்டிருந்தது, ட்ரான்ஸ்போமர் உள்ளால துரு. உண்மையச் சொன்னன், இது வராது எண்டு. அவ கேட்டதால அந்தப் பெட்டியும் முன் தட்டும் அப்பிடியே இருக்க உள்ளுக்கு வேற செட்டிட போர்டையும் ட்ரான்ஸ்போமரையும் பூட்டிக் குடுத்தன், வொலியூம் கட்டை மட்டும் பழசுதான், மகன் பிடிச்சது எண்டு அத மாத்த விடல்ல.

தம்பி, ஏ, பி எண்டு ரெண்டு சோடி ஸ்பீக்கர் பூட்டலாமா?

8 ஓம்ஸ் சோடி ரெண்டையும் ஒண்டாப் போட்டா செட்டுக்கு 4 ஓம்ஸா விளங்கும். பின்பக்கத்துல ரெண்டும் சேத்துப் பாவிக்கிறதெண்டா ஒவ்வொண்டும் எத்தனை ஓம்ஸுக்குக் குறையக் கூடாது எண்டு எழுதியிருக்கும், அதுக்குக் கீழ போகாதீங்க. ஜப்பான் ஸ்பீக்கர் கனக்க 6 ஓம்ஸ், ரெண்டு சோடி எண்டா 3, அது ஆபத்து.

20 வோட்ஸ் பழைய அம்ப் வாங்கிறத விட 2000 வோட்ஸ் மினி செட் வாங்கினா நல்லம்தானே?

அந்த 2000, பிஎம்பிஓ எண்டு விளம்பரத்துக்குப் போடுற உச்சக் கணக்கு. பின்னால கறண்ட் எவ்வளவு இழுக்குது எண்டு பாருங்க, 60 வோட்ஸ் எண்டிருக்கும், இழுக்கிறத விட எப்பிடிக் கூடக் குடுக்க ஏலும்? 1978ல வந்த என்ஏடி 3020 எண்ட அம்ப் வெறும் 20 வோட்ஸ்தான், உலகம் முழுக்க இண்டைக்கும் தேடி வாங்குறாங்க. பவர் ரெண்டு மடங்கானா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். வீட்டு அறைக்கு நல்ல 20, 30 தாராளம். கோயில் சடங்குக்கு எண்டா அது வேற, அதுக்கு ஹோர்னோட லைன் அம்ப்தான் (நீட்டு வயர்ல கனக்க ஹோர்ன் பூட்டுறது) சரி.

சேர்விஸ் மனுவல் இல்லாம பயஸ் வைக்க ஏலுமா?

முதல்ல மொடல் நம்பரப் போட்டு மனுவலத் தேடுங்க, பழைய ஜப்பான் செட் கனக்கதுக்கு இன்டர்நெட்ல இருக்கு. கிடைக்கவே இல்ல எண்டா நான் செய்யிறது: டிசி அளவு சரியா எண்டு முதல்ல பாத்துட்டு, சீரிஸ் பல்பக் கழட்டிப் போட்டு (பல்ப் நிண்டா அளவு பிழையா வரும்), ஸ்பீக்கரும் பாட்டும் இல்லாம வொலியூம் பூச்சியத்துல, எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கால மில்லிவோல்ட் அளக்கிறது. 0.47 ஓம்ஸ்ல 10 மில்லிவோல்ட் எண்டா கிட்டத்தட்ட 21 மில்லிஅம்பியர், சாதாரண ஏபி கிளாஸ் (வீட்டு அம்ப்புகள்ல கனக்க வாற வகை) செட்டுக்கு அது பயமில்லாத இடம். 0.22 எண்டா அதே கறண்டுக்கு 5 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைய வரும். ரெண்டு ரெசிஸ்டருக்கும் சேத்து அளந்தா ரெண்டு மடங்கு வரும், அத மறந்து பாதிப் பயஸ்ல விட்ட செட்டும் உண்டு, மெல்லிய சத்தத்துல பாட்டு முரடாக் கேக்கும்.

பிரிசெட்ட மயிரிழையாத் திருப்புங்க, மீட்டர் முனை நழுவி ரெண்டு கால் ஒண்டானா எல்லா வேலையும் போச்சு, அதால கிளிப் போட்டு அளங்க, கையால பிடிக்க வேணாம். வச்சு இருவது நிமிஷம் விடுங்க, சூடேறினாப் புறகு அளவு நகரும், மறுகா சரியாக்குங்க. புறகு மூடிய மேல வச்சு இன்னும் இருவது நிமிஷம், ஒருக்கா அளந்து பாத்துட்டு ஸ்குரூவ இறுக்குங்க.